பரவற்படி ஒப்பீட்டுச் சோதனை

இரண்டு முழுமைத் தொகுதிகளின் மதிப்புகள் ஒரே அளவுக்குச் சிதறியிருக்கின்றனவா என்பதை மாதிரிகளை வைத்துத் தீர்மானிக்கும் புள்ளியியல் முறை. சிதறலுக்கு இங்கே அளவுகோல் பரவற்படி. பள்ளிப் பாடநூல்களில் விலக்க வர்க்கச் சராசரி என்று வருவதும் இதுதான், திட்டவிலக்கத்தின் வர்க்கம். இரு பரவற்படிகளும் சமம் என்பது இன்மை எடுகோள், அதாவது சோதனை தொடங்கும் அனுமானம். சராசரிகள் ஒன்றாக இருக்கின்றனவா, வேறாக இருக்கின்றனவா என்பது இந்தச் சோதனையின் கவலை அல்ல.

பால் பாக்கெட் நிரப்பும் இரண்டு எந்திரங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் சராசரியாக 500 மில்லி நிரப்புகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் 10 பாக்கெட் அளந்தால் ஒன்றின் திட்டவிலக்கம் 2 மில்லி, மற்றதன் திட்டவிலக்கம் 4 மில்லி. பரவற்படிகள் 4, 16, விகிதம் 4. இதற்கு மேல் சோதிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் 5 சதவீத இருபக்கச் சோதனையில் இன்மை எடுகோளைத் தள்ள விகிதம் தாண்டவேண்டிய எல்லை 4.03. நான்கு மடங்கு வேறுபாடும் மயிரிழையில் தவறிவிடுகிறது. சிதறலை ஒப்பிடுவதற்கு 10 மாதிரி மிகச் சொற்பம்.

பரவற்படிக்கான ஆங்கிலச் சொல்லைப் புள்ளியியலுக்குள் கொண்டுவந்தவர் ரொனால்டு ஃபிஷர். மெண்டலின் மரபியலை அடியொற்றி 1918இல் எழுதிய கட்டுரையில். மறு ஆண்டே இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அங்கே குவிந்து கிடந்த உர, விளைச்சல் கணக்குகளுக்கிடையே அவருடைய சிந்தனை, குழுக்களின் சராசரிகளைப் பரவற்படிகளின் விகிதத்தால் ஒப்பிடும் பரவற்படிப் பகுப்பாய்வாக வளர்ந்தது. 1924இல் டொரான்டோ கணித மாநாட்டில் இரு பரவற்படிகளின் விகிதத்துக்குரிய பரவலை முன்வைத்தார். விகிதத்தை அப்படியே வைக்காமல், அதன் இயல் மடக்கையில் பாதியை ‘இசட்’ என்று குறித்தார். கணிதத்துக்கு அது நேர்த்தி. கணக்குப் போடுகிறவருக்குத் தலைவலி. கல்கத்தாவின் மகலனோபிஸ் 1932இல் வேளாண் பணியாளர்களுக்காக வெளியிட்ட துணை அட்டவணைகள் மடக்கையைத் தவிர்த்து விகிதத்தையே நேரடியாகத் தந்தன. 1934இல் அமெரிக்காவின் அயோவாவில் ஜார்ஜ் ஸ்னெடகரும் இவ்விகிதத்துக்கு அட்டவணை இட்டு, ஃபிஷரின் முதலெழுத்தால் ‘எஃப்’ என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயரே நிலைத்தது; இரு பரவற்படிகளை ஒப்பிடும் சோதனையும் எஃப் சோதனை ஆனது.

இரண்டுக்கு மேற்பட்ட தொகுதிகளுக்கு மாரிஸ் பார்ட்லெட் 1937இல் வழி சொன்னார். அந்தச் சோதனையும் எஃப் சோதனையைப் போல இயல்நிலைப் பரவலை நம்பியே நின்றது.

அந்த நம்பிக்கையின் விலையை அம்பலமாக்கியது ஜார்ஜ் பாக்ஸ் 1953இல் எழுதிய கட்டுரை. எகான் பியர்சன் 1931இலேயே இதைத் தொட்டிருந்தார் என்றாலும், அடி விழுந்தது பாக்ஸின் கையால்தான். பரவற்படிப் பகுப்பாய்வால் சராசரிகளை ஒப்பிடும்போது தரவு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் எஃப் அட்டவணை தாக்குப்பிடிக்கும். அதே அட்டவணையைப் பரவற்படிகளை ஒப்பிட எடுத்தால் பரவலின் வால் நீண்டிருப்பதைக்கூடச் சிதறல் வேறுபாடென்று காட்டிவிடும். லாப்லாஸ் பரவலைப் போன்ற கனத்த வால் உள்ள தரவில், பெரிய மாதிரிகளில் பரவற்படி மதிப்பீட்டின் ஏற்ற இறக்கம் சோதனை எதிர்பார்ப்பதைப் போல 2.5 மடங்கு. மாதிரியைப் பெருக்கினாலும் இந்தக் கோளாறு தீராது. சராசரிச் சோதனைக்கு முன்னோட்டமாகப் பரவற்படிச் சோதனை செய்யும் வழக்கத்தையும் பாக்ஸ் விடவில்லை: பெருங்கப்பல் கிளம்பக் கடல் அமைதியாக இருக்கிறதா என்று பார்த்துவரத் துடுப்புப் படகை அனுப்புவது போன்றது அது என்று கேலி செய்தார். பாடநூல்கள் பல அந்தப் படகை இன்னும் கரையேற்றவில்லை.

1960இல் ஹோவர்ட் லெவீன் ஓர் எளிய வழியைக் கண்டார். ஒவ்வொரு மதிப்பும் தன் குழுவின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று குறி பார்க்காமல் எழுதி, அந்தத் தூரங்களின் சராசரிகளை வழக்கமான பரவற்படிப் பகுப்பாய்வால் ஒப்பிட வேண்டியதுதான். சிதறல் பற்றிய கேள்வி, எஃப் அட்டவணை தாக்குப்பிடிக்கும் சராசரிக் கேள்வியாக மாறிவிடுகிறது. ஒருபக்கம் சரிந்த தரவுகளில் அதுவும் தடுமாறியதால், 1974இல் பிரவுனும் ஃபோர்சைத்தும் கூட்டுச் சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை வைத்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட சோதனைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு கானோவரும் ஜான்சன் என்ற பெயருடைய இருவரும் 1981இல் வெளியிட்ட ஒப்பீட்டில் தேறிய சிலவற்றுள் இந்த இடைநிலை வடிவமும் ஒன்று.

எக்செலில் இன்றும் ஒரே கட்டளையில் கிடைப்பது பழைய எஃப் சோதனைதான். ‘ஆர்’ மென்பொருளோடு கூடவே வரும் சோதனைகளிலும் அது உண்டு. அதில் லெவீன் சோதனைக்குத் தனித் தொகுப்பை நிறுவ வேண்டும்.