வாக்குச்சாவடி இணைப்பும் வாக்களிப்பும்: கலிபோர்னியா 2003 திரும்பப் பெறும் தேர்தலை முன்வைத்து

முன்னுரை

வாக்குரிமையின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எவருக்கு வாக்குரிமை உண்டு என்னும் வினா பெற்ற கவனத்தை, வாக்காளர் எங்குச் சென்று வாக்களிக்க வேண்டும் என்னும் வினா பெறவில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் 2003இல் நிகழ்ந்த வாக்குச்சாவடி இணைப்பையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இணைப்பின் பின்னணி

கலிபோர்னியா ஆளுநர் கிரே டேவிஸைத் திரும்பப் பெறுவதற்கான மனு 2003 சூலையில் சான்றளிக்கப்பட்டது. மாநில அரசியலமைப்பு 60 முதல் 80 நாள்களுக்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என வரையறுத்திருந்தமையால், அக்டோபர் 7 தேர்தல் நாளாயிற்று. குறுகிய காலத்தில் தேர்தலை நடத்த வேண்டிய நெருக்கடியில், 2002இல் 5,231ஆக இருந்த வாக்குச்சாவடிப் பகுதிகளை லாஸ் ஏஞ்சல்ஸ் நிர்வாகம் 1,885ஆகச் சுருக்கியது.

வாக்காளர்மீது விளைந்த தாக்கம்

ஹென்றி பிராடி, ஜான் மெக்நல்டி ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, சாவடி மாற்றப்பட்டோரையும் மாற்றப்படாதோரையும் ஒப்பிட்டது. மாற்றப்பட்டோரிடையே சாவடிக்குச் சென்று வாக்களித்தோர் விகிதம் 3.03 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. அஞ்சல்வழி வாக்களிப்பு 1.18 புள்ளிகள் உயர்ந்தது. நிகர இழப்பு 1.85 புள்ளிகள். அதாவது, சாவடியைக் கைவிட்டோருள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினரே மாற்றுவழி கண்டனர். இவ்விழப்புக்குத் தொலைவு மட்டுமே காரணமன்று. பழகிய இடம் மாறியதால் புதிய இடத்தைத் தேடியறிய வேண்டியிருந்ததும் காரணமாயிற்று.

சட்டப் பாதுகாப்பும் அதன் நீக்கமும்

1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சில பகுதிகள் தேர்தல் நடைமுறையை மாற்றுமுன் கூட்டாட்சி அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றது. அதே தேர்தலில் மான்டரே கவுண்டி தன் சாவடி இணைப்புக்கு இவ்வொப்புதலைப் பெற வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் அப்பிரிவுக்கு உட்படவில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டு ஷெல்பி கவுண்டி தீர்ப்பு, எப்பகுதிகள் இதற்கு உட்படும் என வரையறுத்த விதியை நீக்கியதால் 5ஆம் பிரிவு செயலிழந்தது. அதுவரை அப்பிரிவுக்கு உட்பட்டிருந்த அரிசோனாவின் மாரிகோபா கவுண்டி, 2012இல் சுமார் 200ஆக இருந்த சாவடிகளை 2016 மார்ச் முதனிலைத் தேர்தலில் 60ஆகக் குறைத்தது. வாக்காளர் பலர் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர்.

முடிவுரை

சாவடி இணைப்பு எவருடைய பெயரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை. எனினும் உரிமையின் பயன்பாட்டைச் சுருக்குகிறது. 1.85 புள்ளிகள் என்பது நெருக்கமான போட்டியில் முடிவையே மாற்றவல்லது. எனவே சிக்கனம் கருதி எடுக்கப்படும் நிர்வாக முடிவுகளும் வாக்குரிமை வரலாற்றின் ஆய்வுப் பொருளாதல் வேண்டும்.