துப்பாக்கிச் சந்தையில் இரண்டு மேசைகள்

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்றொரு நகரம் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை அங்குள்ள கண்காட்சி மைதானத்தில் ஒரு துப்பாக்கிச் சந்தை கூடுகிறது. 1955ல் தொடங்கிய இந்தச் சந்தை இன்று ஏறத்தாழ 11 ஏக்கர் பரப்புள்ள ஒரே கூரையின் கீழ், 4,000க்கும் அதிகமான மேசைகளுடன் நடக்கிறது. பழைய ரிவால்வர்கள், உலகப்போர் காலத்துப் பிஸ்டல்கள், வேட்டைக் கத்திகள், வாளிக்கணக்கில் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள், உப்புக்கண்டம் என்று எல்லாமே அங்கே கிடைக்கும்.

அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மேசையில் உரிமம் பெற்ற வியாபாரி. அவரிடம் ஒரு கைத்துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால் அடையாள அட்டை காட்ட வேண்டும், படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும், குற்றப் பின்னணி இல்லை என்ற பதில் அரசிடமிருந்து வர வேண்டும். அடுத்த மேசையில் ஓய்வு பெற்ற ஒருவர் தன் சொந்தச் சேகரிப்பை விற்கிறார். அவரிடம் அதே துப்பாக்கியைப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விடலாம். மத்தியச் சட்டப்படி படிவமும் இல்லை, விசாரணையும் இல்லை!

ஒரே கூரையின் கீழ் ஏன் இரண்டு விதமான சட்டம்? அதற்கான பதில் 'பொழுதுபோக்கு' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல் சட்டப் புத்தகத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

போர் பெற்ற பிள்ளை

குறிபார்த்துச் சுடுவது அமெரிக்காவில் விளையாட்டாக வளர்ந்ததற்கு உள்நாட்டுப் போர் ஒரு முக்கியக் காரணம். அந்தப் போரில் வடக்குப் படை வீரர்கள் பலருக்கு ஒழுங்காகக் குறிபார்க்கத் தெரியவில்லை என்ற வருத்தம் வில்லியம் சர்ச், ஜார்ஜ் விங்கேட் ஆகிய இரு முன்னாள் அதிகாரிகளுக்கு இருந்தது. அதன் விளைவாக 1871ல் நியூயார்க்கில் தேசியத் துப்பாக்கிச் சங்கம் (என்.ஆர்.ஏ.) பிறந்தது. இன்று அரசியல் பலத்துக்குப் பெயர்போன இந்தச் சங்கம், சுடும் பயிற்சி கொடுப்பதற்காகத்தான் ஆரம்பிக்கப்பட்டது. 1874ல் லாங் ஐலண்டின் கிரீட்மூர் மைதானத்தில் அயர்லாந்து அணியை அமெரிக்க அணி 934க்கு 931 என்று வென்றபோது இந்த விளையாட்டு நாடு முழுவதும் பேசப்பட்டது.

அது நீண்ட துப்பாக்கிகளின் காலம். கைத்துப்பாக்கிக்கென்று தனிப் போட்டிகள் மெல்ல வளர்ந்தன. ஒற்றைக் கையை நீட்டி, 25 கஜத்திலும் 50 கஜத்திலும் உள்ள காகித வட்டத்தின் நடுவில் சுடுவது பழைய முறை. 1907 முதல் ஓஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரி இந்தப் போட்டிகளின் தலைநகரம் போல ஆனது.

1950களில் கலிபோர்னியாவின் பிக் பேர் என்ற மலை ஊரில் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரைன் படை அதிகாரியைச் சுற்றி வேறொரு விளையாட்டு உருவானது. இடுப்பு உறையிலிருந்து எடுத்து, வேகமாகவும் குறி தவறாமலும் சுட வேண்டும். அங்கே போட்டியிட்ட ஜாக் வீவர் என்ற காவலர் இரண்டு கைகளாலும் துப்பாக்கியைப் பிடித்து, கண் உயரத்துக்குக் கொண்டுவந்து சுட்டார். இடுப்பிலிருந்தபடியே சுட்டவர்களை அவர் தோற்கடிக்கத் தொடங்கியதும் மற்றவர்களும் அந்த முறைக்கு மாறினார்கள். 1976ல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடிய கூட்டத்தில், இந்த விளையாட்டுக்கான சர்வதேச அமைப்பு கூப்பர் தலைமையில் உருவானது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இந்த விளையாட்டு தோட்டாக்களைத் தின்றது! நன்றாகச் சுட வேண்டுமென்றால் வாரம் சில நூறு தோட்டாக்களையாவது செலவழிக்க வேண்டும். கடை விலைக்கு அது சாதாரணச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

கார் கொட்டகையில் ஒரு பட்டறை

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் ஈயக் குண்டு. பிரைமர் என்பது நம் ஊர்த் தீபாவளித் துப்பாக்கியின் பொட்டுவெடி மாதிரி. அடி விழுந்ததும் தீப்பொறி கொடுக்கும். சுட்டு முடித்த பிறகு குண்டும் மருந்தும் போய்விடும், பிரைமர் செத்துவிடும். ஆனால் இருப்பதிலேயே விலை அதிகமான பித்தளைக் கூடு மிஞ்சி நிற்கும். அதைத் திரும்ப நிரப்புவதுதான் மறுநிரப்பல் என்ற கலை.

இங்கே வரலாற்றின் ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். 1860களில் இரண்டு வகைப் பிரைமர்கள் வந்தன. ஒன்று அமெரிக்கரான ஹைரம் பெர்டன் உருவாக்கியது. மற்றது ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்சர் உருவாக்கியது. அமெரிக்கரின் பிரைமர் ஐரோப்பாவில் பரவியது, ஆங்கிலேயரின் பிரைமர் அமெரிக்காவில் நிலைத்தது! பாக்சர் முறையில் கூட்டின் அடியில் நடுவாக ஒரே ஓர் ஓட்டை. அதனால் ஒரு கம்பியை விட்டுத் தட்டினாலே பழைய பிரைமர் கழன்று விழுந்துவிடும். அமெரிக்காவில் மறுநிரப்பல் வீட்டு வேலையாகப் பரவியதற்கு இந்தச் சின்ன ஓட்டை பெரிய உதவி செய்தது.

1870களில் காட்டெருமை வேட்டைக்காரர்கள் புல்வெளியிலேயே முகாம் போட்டு ஈயம் உருக்கித் தோட்டா நிரப்பினார்கள். 1884ல் கனெக்டிகட்டில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் குறடு போன்ற கைக்கருவிகளை விற்றது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் குண்டுகளுக்குக் கடும் தட்டுப்பாடு. அப்போது கலிபோர்னியாவின் ஃபிரெட் ஹண்டிங்டன், சுட்டுப்போட்ட .22 கூடுகளையே உறையாக வைத்துக் குண்டு செய்யும் அச்சுகளை உருவாக்கினார். ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் அப்படித்தான் ஆரம்பமானது. போர் முடிந்ததும் கன்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன், ராணுவத்தின் மிச்ச மருந்தை மொத்தமாக வாங்கிப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு விற்றார். 1958ல் ரிச்சர்ட் லீ விற்கத் தொடங்கிய சிறு கருவிப் பெட்டிக்குச் சுத்தியல் ஒன்றிருந்தால் போதும். 1980களில் மைக் டில்லனின் இயந்திரங்கள், கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா என்ற அளவுக்கு வேகத்தைக் கூட்டின.

இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். கைத்துப்பாக்கி மருந்து கூட்டின் அடியில் கொஞ்சம் இடத்தைத்தான் அடைக்கும். கவனக்குறைவாக இரண்டு முறை கொட்டினாலும் வெளியே தெரியாது. சுடும்போது துப்பாக்கியே கையில் சிதறிவிடும். மருந்தே போடாமல் விட்டாலும் ஆபத்துதான். குண்டு குழாய்க்குள் சிக்கிக்கொள்ளும், அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழாய் வெடிக்கும். அதனால் குண்டு பொருத்தும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பது இந்தப் பொழுதுபோக்கின் நல்ல பழக்கம்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. தனக்காக நிரப்பிக்கொள்பவருக்கு மத்திய உரிமம் தேவையில்லை. விற்பதற்காக நிரப்பும் தொழிலில் இறங்கினால் உற்பத்தியாளர் உரிமம் கட்டாயம். தோட்டா விஷயத்தில் இவ்வளவு எளிதாகப் போட்ட கோட்டைத் துப்பாக்கி விஷயத்தில் போட முடியாமல் போனதுதான் பிறகு நடந்த கதை.

1968ம் 1986ம்

1963 நவம்பரில் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துப்பாக்கி, பத்திரிகை விளம்பரம் பார்த்து, பொய்ப் பெயரில் தபால் மூலம் வாங்கப்பட்டது. தபால் செலவோடு 21 டாலர் 45 சென்ட். 1968ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகு, அந்த அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தபாலில் நேரடியாகத் துப்பாக்கி வாங்குவது நின்றது. வியாபாரிகள் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது. உரிமத்தில் குறித்த கடையில் மட்டுமே வியாபாரம் செய்ய வேண்டும். தோட்டா விற்பனைக்கும் கணக்கு எழுத வேண்டும்.

கடையில் மட்டுமே என்றால் சந்தையில் உரிமம் பெற்றவர்கள் விற்க முடியாது. ஆனால் உரிமம் இல்லாத சேகரிப்பாளருக்கு அந்தத் தடை இல்லை! துப்பாக்கி வியாபாரத்தில் 'ஈடுபடுவது' என்றால் என்ன என்று சட்டம் தெளிவாகச் சொல்லவும் இல்லை. நான்கைந்து துப்பாக்கி விற்ற சேகரிப்பாளர்களைக்கூட அதிகாரிகள் வழக்கில் மாட்டிவிடுகிறார்கள் என்று 1970களில் புகார்கள் குவிந்தன. நாடாளுமன்றக் குழுக்களும் அதை விசாரித்தன.

அதன் பதிலாக 1986 மே மாதம் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் வந்தது. சந்தைகளில் உரிம வியாபாரிகள் தங்கள் மாநிலத்துக்குள் விற்கலாம் என்றது. தோட்டா விற்பனைக் கணக்குகளைப் பெரும்பாலும் நீக்கியது. தேசிய அளவில் துப்பாக்கிப் பதிவேடு உருவாக்கக் கூடாது என்று தடுத்தது. பிழைப்பையும் லாபத்தையும் முக்கிய நோக்கமாகக் கொண்டு தொடர்ந்து விற்பவர்தான் வியாபாரி என்று விளக்கம் கொடுத்தது. எப்போதாவது விற்பவர், பொழுதுபோக்குக்காக வாங்கி விற்பவர், சொந்தச் சேகரிப்பை விற்பவர் ஆகியோருக்கு உரிமம் வேண்டாம் என்றது. இரண்டு மேசைகளும் சட்டப்படி அருகருகே வந்தது அப்போதுதான்.

1993ல் பிராடி சட்டம் வந்தது. 1981ல் ரீகன் மீது நடந்த தாக்குதலில் தலையில் குண்டு பாய்ந்த ஜேம்ஸ் பிராடியின் பெயர் அதற்கு. 1998 நவம்பர் முதல் உரிம வியாபாரியிடம் வாங்குபவரின் பின்னணி உடனடியாகச் சரிபார்க்கப்பட்டது. ஆனால் இந்தக் கடமை முதல் மேசைக்கு மட்டுமே. அதே காலத்தில் உரிமக் கட்டணம் கூடியது, விதிகள் இறுகின. 1990களின் தொடக்கத்தில் 2,40,000க்கும் மேல் இருந்த உரிம வியாபாரிகள் பத்தாண்டில் பாதிக்கும் கீழே குறைந்தார்கள்.

ஒரு பெயர் எழுதியிருந்தால்...

1998ன் இறுதியில், கொலராடோவில் நடந்த ஒரு துப்பாக்கிச் சந்தைக்கு இரண்டு பள்ளி மாணவர்கள் போனார்கள். இருவருக்கும் 18 வயது ஆகவில்லை. அதனால் 18 வயதான தோழி ஒருத்தியை அழைத்துப் போனார்கள். அவள் உரிமம் இல்லாத தனிநபர்களிடம் மூன்று துப்பாக்கிகளை வாங்கிக் கொடுத்தாள். 1999 ஏப்ரல் 20 அன்று கொலம்பைன் பள்ளியில் அந்த மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். நான்காவது துப்பாக்கியான பிஸ்டலும் ஒரு தனிநபரிடம் வாங்கியதுதான்.

அந்தப் பெண்ணின் பின்னணியை விசாரித்திருந்தாலும் அவள் தேறியிருப்பாள். அவள் மீது குற்றம் எதுவும் இல்லையே! ஆனால் படிவத்தில் தன் விவரங்களை எழுத வேண்டியிருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன் என்று அவளே பிறகு கொலராடோ சட்டமன்றக் குழுவின் முன் சொன்னாள். முதல் மேசைக்கும் இரண்டாவது மேசைக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான். கணினியின் பதிலைவிட, காகிதத்தில் எழுதப்படும் பெயர் ஒருவரைத் தயங்க வைக்கிறது.

1999 மே மாதம், சந்தை விற்பனை எல்லாவற்றுக்கும் விசாரணை வேண்டும் என்ற திருத்தம் செனட்டில் 50க்கு 50 என்று நிற்க, துணை அதிபர் அல் கோர் தன் வாக்கைப் போட்டு நிறைவேற்றினார். கீழவையில் அந்த முயற்சி தோற்றது. 2000 நவம்பரில் கொலராடோ, ஓரிகன் மக்கள் நேரடி வாக்கெடுப்பில் தங்கள் மாநிலச் சந்தைகளுக்கு விசாரணையைக் கட்டாயமாக்கினார்கள். சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 2013ல் செனட்டில் வந்த முயற்சிக்கு 54 வாக்குகள் கிடைத்தன. தேவைப்பட்டது 60.

எதிர்த்தவர்களிடமும் வாதம் இருந்தது. 2016ல் சிறைக்கைதிகளிடம் நடத்திய அரசுக் கணக்கெடுப்பில், குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் 0.8 சதவீதம் பேர் மட்டுமே அதைச் சந்தையில் வாங்கியதாகச் சொன்னார்கள். 43 சதவீதம் பேர் தெருவில், கள்ளச் சந்தையில் வாங்கியதாகச் சொன்னார்கள். ஆனால் தெருவுக்கு வரும் துப்பாக்கியும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் கடையிலோ சந்தையிலோ வாங்கியதுதான். கடைசியாகக் கைமாறிய இடத்தை மட்டும் கேட்டால் நடுவில் இருந்த மேசைகள் கணக்கில் வராது.

2022ல் உவால்டி பள்ளிப் படுகொலைக்குப் பிறகு வந்த சட்டம், 1986ன் விளக்கத்தில் சில சொற்களை மாற்றியது. இப்போது பிழைப்பு என்ற சொல் இல்லை. பெரும்பாலும் லாபத்துக்காகத் தொடர்ந்து விற்றாலே வியாபாரம்தான். இதை விரிவாக்கி 2024ல் வந்த அரசு விதி உடனே நீதிமன்றப் படியேறியது. ஆனால் பொழுதுபோக்குக்கும் சொந்தச் சேகரிப்புக்கும் 1986ல் கொடுத்த விலக்கைப் புதிய சட்டம் தொடவில்லை.

கார் கொட்டகையில் விளக்கடித்து ஒவ்வொரு கூடாகப் பார்ப்பவர், ஒரு தவறு போதும் என்று தெரிந்ததால்தான் நூறாவது கூட்டையும் பார்க்கிறார். அதே மனிதர் சந்தையில் தன் பழைய பிஸ்டலை விற்கும்போது, வாங்குபவரின் பெயரைக்கூடக் கேட்க வேண்டியதில்லை என்று மத்தியச் சட்டம் சொல்கிறது.