கப்பற் பந்தி

உல்லாசப் பயணக் கப்பல்களின் விளம்பரங்களைக் கூர்ந்து படிப்போர் ஒரு விசித்திரத்தைக் காண்பர். கப்பல் பெரிதாக இருந்தால் உணவின் வகைகள் எண்ணிச் சொல்லப்படும். இத்தாலிய உணவு ஓரிடத்தில், சீன உணவு ஓரிடத்தில், சைவ உணவு ஓரிடத்தில் என்று பட்டியல் நீளும். கப்பல் சிறிதாக இருந்தாலோ, உண்பவரின் தொகையே எண்ணிச் சொல்லப்படும். நூறு பேர், நூற்றைம்பது பேர், அதற்கு மேல் இல்லை! அங்கே விலைப்படுவது உணவு மட்டுமன்று; பிறர் இல்லாமையுந்தான்.

இவ்வகைச் சிறு கப்பல்களுக்கு முன்மாதிரியாக அமைந்தவற்றுள் ஒன்று, 1984ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரிற் கட்டி முடிக்கப்பட்ட 'சீ கொடஸ்' என்னுங் கப்பல். பயணிகள் ஏறத்தாழ 116 பேர்; அவர்களுக்குப் பணிசெய்தோர் ஏறத்தாழத் தொண்ணூறு பேர். அக்காலத்துப் பெருங்கப்பல்களில் கலியாண வீட்டைப் போல முதற்பந்தி, இரண்டாம் பந்தி என்னும் முறை இருந்தது; மேசையும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். சீ கொடஸ் அந்த முறையை நீக்கியது. விரும்பிய வேளையில், விரும்பியவரோடு, விரும்பிய மேசையில் அமரலாம். மதுவுக்குத் தனிக் கட்டணமில்லை. பின்னர் வந்த இத்தகைய கப்பல்களில், பயணிகள் ஒதுக்குப்புறமான கடற்கரையில் நீராடிக்கொண்டிருக்கையில், பரிசாரகர் சீருடையோடு இடுப்பளவு நீரில் நின்று விலையுயர்ந்த மீன்முட்டையைப் பரிமாறுவதும் ஒரு வழக்கமாயிற்று.

ஒரு பயணிக்கு ஏறக்குறைய ஓர் ஊழியர் என்னும் கணக்கை நம் வாசகர் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பயணி முதல் நாள் எந்தப் பானத்தை விரும்பினார், எந்தப் பண்டத்தை ஒதுக்கினார் என்பதைப் பரிசாரகர் மறுநாளைக்கு மனத்தில் இருத்தவேண்டும், பெயரைச் சொல்லி வரவேற்க வேண்டும், முகம் வாடலாகாது. கிழக்கிலங்கையிலே போடியார் வாசலில் ஏவலுக்குக் காத்து நின்றவர்களை அறிந்த தலைமுறைக்கு இந்தச் சூழல் புதியதன்று. புதியது யாதெனில், ஒரு வாரத்திற்குப் போடியாராக இருக்கும் உரிமையைச் சீட்டு வாங்கிப் பெறலாம் என்பதே.

இக்கப்பல்களுட் சில திருகோணமலைக்கும் வந்து போகின்றன. மாவட்டத்தின் தென்னெல்லையில், மகாவலியின் ஒரு கிளை கடலைச் சேரும் வெருகலில் இருந்து பார்க்கும் நமக்கு, அவை வரும் கடல் வெறும் நீலப் பரப்பாகத் தோன்றுவதில்லை. வடக்கே கொட்டியாரக் குடா. அங்கே நேர்ந்த ஒரு நிகழ்ச்சி கப்பற் பந்தியின் கதையையே தலைகீழாகக் காட்டுகிறது.

1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அருகே புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவிற்கு வந்தது. 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்டன் றொபேட் நொக்ஸையும், அதே பெயர் கொண்ட அவர் மகனையும் உள்ளிட்டுப் பதினாறு பேரைச் சிறைப்பிடித்தனர். மூதூரிலே ஒரு புளியமரத்தைக் காட்டி, இதன் நிழலிலேதான் கப்டன் அகப்பட்டார் என்று சொல்லும் வழக்கம் உண்டு. கைதிகள் மலைநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஊர்தோறும் பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுக்குச் சோறிடும் பொறுப்பை மன்னன் ஊரவர்மீது சுமத்தினான். தந்தை 1661இல் இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டு அங்கே வாழ்ந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டைக்குத் தப்பிச் சென்று, 1681இல் தம் நூலை வெளியிட்டார்.

அந்த நூலை மன்னனின் கொடுமைக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். நாம் அதில் வேறொன்றையும் காண்கிறோம். சோற்றோடு உப்பும், கொஞ்சம் இலைக்கறியும், எலுமிச்சம் புளியும் கிடைத்தால் அதையே நல்ல உணவாகக் கொண்ட குடியானவர், கடல்கடந்து வந்த அந்நியருக்குத் தம் பானையிலிருந்து பகுத்திட்டனர். விருந்தோம்பலின் பெருமை மன்னனைச் சாராது. கட்டளை அவனுடையது, அரிசி குடியானவனுடையது. இராசசிங்கனுக்காகப் பரிந்து பேசும் வரலாற்றாசிரியர் இதனை மறந்துவிடுகின்றனர்.

1795இல் திருகோணமலை பிரித்தானியர் கைக்கு மாறியது. இத்துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய ஒரு போர்க்கப்பலும் உண்டு. பம்பாயிலே, வாடியா குடும்பத்தாரின் கைவினையால், தேக்கு மரத்திற் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறக்கப்பட்ட அக்கப்பல், இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரிற் காட்சிப் பொருளாக மிதக்கிறது. அக்காலத்து அரச கடற்படையில் மாலுமிக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் விசுக்கோத்து; வாரத்துக்கு நான்கு இறாத்தல் உப்பிட்ட மாட்டிறைச்சி, இரண்டு இறாத்தல் பன்றியிறைச்சி, கொஞ்சம் பட்டாணி. கப்டனுக்கோ தனி அறை, தனிச் சமையற்காரர், வெள்ளிப் பாத்திரம். ஒரே மரத்தளத்தின் மேலும் கீழுமாக இரண்டு உலகங்கள்.

வணிகக் கப்பல்கள் இந்த இரண்டு உலகங்களையும் மூன்றாக்கின. திருகோணமலை கடற்படையின் பிடியில் இருந்தமையால், சுயெசுக் கால்வாய் திறந்தபின் பெருகிய பயணக் கப்பல்கள் முதலிற் காலிக்கும், அலைதாங்கி கட்டப்பட்டபின் கொழும்புக்கும் சென்றன. அவற்றின் முதல் வகுப்பு உணவுச்சாலையில் வெள்ளைச் சீருடையோடு பரிமாறியவர் பெரும்பாலும் கோவா நாட்டவர். கீழே நெருப்பறையிற் கரி வாரியவர் இலாஸ்கர் எனப்பட்ட ஆசியத் தொழிலாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியச் சட்டம் வெள்ளை மாலுமிக்கு உறங்க 72 கன அடி இடம் வகுத்தது. இலாஸ்கருக்கு 36 கன அடி. சோற்றிலே மட்டுமன்றி மூச்சுக் காற்றிலும் பாதி!

நம்மவர் பயணம் செய்த கப்பலோ 'ரஜூலா'. 1926இல் கிளாஸ்கோவிற் கட்டப்பட்ட இது, சென்னையையும் நாகபட்டினத்தையும் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்தது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பாய் விரித்த இடமே படுக்கை, அதுவே உணவுச்சாலையும். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களை நாடிய தமிழரின் கப்பல் அனுபவம் இதுதான். 'ரஜூலா'விலும் முதல் வகுப்பு மேசையும் அதற்குரிய ஒழுங்கும் இருந்தன என்பதைத் தளத்திற் கிடந்தவர் அறிந்திருக்கலாம். அமர்ந்து பார்த்திருக்க மாட்டார்.

கப்பல் முதலாளியின் உபசாரம் எந்நேரத்திற் பொங்கும் என்பதற்குத் தூத்துக்குடி விடை தருகிறது. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே போட்டிக்கு நின்றபோது, வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பின்னர் இலவசமாகவே ஏற்றியது, குடையும் கொடுத்தது. அதுவரை தளத்துப் பயணி வெயிலிற் காய்ந்தது அவர்கள் கண்ணிற் படவில்லை போலும்.

மேல்தட்டுப் பந்தியின் மறுபக்கத்தை 1912ஆம் ஆண்டு உலகம் கண்டது. 'டைட்டானிக்' கப்பலிலே முதல் வகுப்பாருக்கென விலை குறித்த தனிச் சிற்றுண்டிச்சாலை ஒன்று இருந்தது. பெரும்பாலும் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரருமான அறுபதுக்கும் மேற்பட்டோர் அதிற் பணிபுரிந்தனர். அவருள் உயிர் பிழைத்தவர் மூவர்.

திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. பின் வந்த நீண்ட போரும், 2006இல் மாவிலாற்றுப் பிணக்கோடு வெருகற் பகுதி மக்கள் ஊர்விட்டு ஓடியதும் வாசகர் அறிந்தவையே. போர் ஓய்ந்தபின் உல்லாசப் பயணம் வந்தது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டது. அது ஆயிரக்கணக்கானோர்க்குரிய பெருங்கப்பல். ஆயினும் பெரிதும் சிறிதும் ஒரு பொருளில் ஒன்றே: உணவுக்கான பணம் ஏறும்போதே கட்டப்பட்டுவிடுகிறது. கோணேசரையும் கன்னியா வெந்நீரூற்றையும் பார்த்து வந்தவர் பசித்தவுடன் கப்பலுக்கே திரும்புவர். நகரத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் பேருந்தின் புழுதியைக் காண்பார். சிறு கப்பல்கள் சிலவற்றின் தலைமைச் சமையற்காரர் பயணிகளோடு துறைமுகச் சந்தைக்குச் சென்று மீனும் காய்கறியும் வாங்குவதுண்டு. நல்லதே, நாம் அதைப் பழிக்கவில்லை. ஆனால் ஒரு கூடை மீன் வாங்குவது வேறு, ஒரு துறைமுகத்து மக்களை வாழ்விப்பது வேறு.

வெருகலிலும் பந்தி உண்டு. வடக்கே செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்திற்கு நடந்து செல்லும் அடியார்கள், வழியிற் சித்திரவேலாயுதர் கோயிலிற் தங்குவர். முன்னர் ஆற்றைப் பாதையேறிக் கடந்தவர்கள் இன்று பாலத்தின்மேல் நடந்து வருகிறார்கள். ஊரவர் சோறாக்கி வரிசையாக இருத்திப் பரிமாறுவர். பரிமாறியவர் பின்னர் அதே கிடாரத்துச் சோற்றை உண்பர். சாதியின் பெயரால் நம் ஊர்களில் பந்திகள் பிரிக்கப்பட்ட வரலாறும் உண்டாகையால், நாம் இதைப் பொற்காலம் என்று புகழப் போவதில்லை. ஆக்கியவனும் உண்பவனும் ஒரு கிடாரத்தில் உண்ணும் அந்த ஒரு செய்தியை மட்டும் குறித்து வைக்கிறோம்.

கப்பலில் ஆக்கியவர் எங்கே உண்கிறார்? பயணிகள் காணாத கீழ்த்தளத்தில், ஊழியர் கூடத்தில். 2013இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடற்றொழிலாளர் உடன்படிக்கை அவர்களுக்கு இலவச உணவை உறுதி செய்கிறது. வேலை நேரத்துக்கும் வரம்பிடுகிறது. அவ்வரம்பு நாளொன்றுக்கு 14 மணித்தியாலமும் வாரத்துக்கு 72 மணித்தியாலமும் ஆகும். எட்டு மணிநேர வேலைக்காக மேதினத்தில் ஊர்வலம் போகும் நமக்கு, இது பாதுகாப்பு என்று அழைக்கப்படுவது வியப்பாகவே இருக்கிறது.

2020 ஏப்ரலில் நோய்த்தொற்றின் அச்சத்தால் உலகத் துறைமுகங்கள் கதவடைத்திருந்தபோது, 'எம்.எஸ்.சி. மக்னிபிகா' என்னும் உல்லாசக் கப்பல் எரிபொருளுக்காகக் கொழும்பை அணுகியது. அதிலே சமையற்காரராக இருந்த இலங்கையர் ஒருவர், தம்மைத் தாய்நாட்டில் இறக்கிவிடுமாறு காணொளியில் வேண்டினார். அவ்வேண்டுகோள் நாடெங்கும் பரவியபின் அனுமதி கிடைத்தது. கடற்படையினர் அவரைக் கரைசேர்த்துத் தனிமைப்படுத்தும் நிலையத்துக்கு அனுப்பினர். கப்பல் ஏனையோரோடு மேற்கு நோக்கிச் சென்றது.