பள்ளிவாசல் தெருவில் ஒரு வீடு

தமிழகக் கடற்கரையில் நம் முன்னோர் கலம் செலுத்திய வரலாற்றை எழுதியோர் பலர். காயலின் துறைமுகத்தையும் அதன் குதிரை வாணிகத்தையும் மார்க்கோ போலோ எழுதி வைத்தார். பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர் தம் வாணிகக் கணக்குகளை ஏட்டில் ஏற்றினர். கப்பல் எத்தனை, சரக்கு எவ்வளவு, சுங்கம் என்ன என்பவையெல்லாம் நமக்குக் கிடைக்கின்றன. ஆனால் அக்கலத்தை விட்டிறங்கி வீடு வந்தவர் எந்தத் திண்ணையில் அமர்ந்தார், அடுப்படியில் என்ன வெந்தது, பிள்ளைகள் எத்தனை மணிக்கு எழுந்தனர், கடல் சீறிய இரவில் அவ்வீட்டார் என் செய்தனர் என்பவற்றை எழுதினோர் மிக அரியர்.

இக்குறை எம் பகுதியில் இன்னும் பெரிது. யான் வாழும் மாத்தூர் கடலுக்கு அண்மையில் இருந்தும் கடலைக் காணாத ஊர். கடலுக்கும் எமக்கும் நடுவே மணலியின் ஆலைகள் நிற்கின்றன. அவற்றிற்கு அப்பால் திருவொற்றியூர், எண்ணூர், தெற்கே இராயபுரம். சென்னைத் துறைமுகத்திற்கு 1875இல் அடிக்கல் நாட்டினர். 1881 நவம்பரில் அடித்த புயல் அதன் கற்கரங்களைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாக ஓடிவரும் மணலை அக்கரங்கள் மறித்தன. தெற்கே மணல் குவிந்து மெரீனா அகன்றது. வடக்கே மணல் வரத்தின்றிக் கரை கரைந்தது. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூரையும் கடந்து, கரையோரத்து வீடுகளைக் கடல் சிறிது சிறிதாக விழுங்கிற்று. இன்று அங்கே கடற்கரை என்பது கருங்கல் கொட்டிய தடுப்புத்தான். அவ்வீடுகளில் பெரும்பாலானவை மீனவர் வீடுகள். எவர் வீடாயினும், போனவை பற்றி எஞ்சியிருப்பது முதியோர் வாய்ச்சொல் ஒன்றே.

வாய்ச்சொல்லை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா, கொள்ளின் எவ்வளவு கொள்ளலாம் என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இதற்கு, நினைவுகள் நன்கு எழுதி வைக்கப்பெற்ற ஒரு வீடு வேண்டும். அத்தகைய வீடு இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் இருக்கிறது. 1931 அக்டோபர் 15ஆம் நாள் அங்கே பிறந்த பிள்ளை, 2002 முதல் 2007 வரை இந்தியக் குடியரசின் தலைவராய் வீற்றிருந்த மர்ஹூம் அப்துல் கலாம் அவர்கள். அன்னாரின் தன்வரலாறு 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, ‘அக்னிச் சிறகுகள்’ என்ற பெயரில் தமிழிலும் பரவிற்று. அந்நூலை விண்கலத்திற்காகவும் ஏவுகணைக்காகவும் படிப்போரே மிகுதி. அதன் முதற் பக்கங்களை ஒரு மரைக்காயர் குடும்பத்தின் வீட்டு வரலாறாகப் படித்துப் பார்க்குமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறேன்.

வீடு சுண்ணாம்புக் கல்லும் செங்கல்லும் கொண்டு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பியது, ஓரளவு பெரியது. தெரு முஸ்லிம்கள் மிகுந்த தெரு. சில இந்துக் குடும்பங்களும் கலந்து வாழ்ந்தன. பத்து நிமிட நடையில் இராமநாதசுவாமி கோயில். தந்தையார் ஜைனுல் ஆபிதீன் அவர்களிடம் பெரும் படிப்பும் இல்லை, பெருஞ்செல்வமும் இல்லை. ‘வணங்குவோரின் அணிகலன்’ என்பது அப்பெயரின் பொருள். தாயார் ஆஷியம்மா நாள்தோறும் எத்தனை பேருக்கு உணவளித்தார் என்று மகனுக்கு எண்ணத் தெரியவில்லை. வீட்டாரின் தொகையைவிட வந்துண்போர் தொகையே மிகுதி என்று மட்டும் அவர் நினைவு கூர்கிறார். பிள்ளை தாயுடன் அடுப்படித் தரையில் அமர்ந்து உண்பான். வாழையிலையில் சோறு, சாம்பார், வீட்டில் போட்ட ஊறுகாய், தேங்காய்த் துவையல். கடலோர முஸ்லிம் வீடென்றால் மீனும் இறைச்சியும் மணக்கும் என்று கருதுவோர்க்கு இப்பட்டியல் வியப்பளிக்கலாம். நினைவின் இயல்பு அது: எது வழக்கமாக இருந்திருக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோமோ அதற்கு மாறாகவும் அது சான்று சொல்லும்.

இரண்டாம் உலகப் போரின்போது பண்டங்கள் அருகின. அன்னார் பிற்காலத்தில் பன்முறை சொன்ன செய்தி ஒன்று உண்டு. ஒருநாள் தாயார் ரொட்டியை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். பிள்ளை உண்டுகொண்டே இருந்தான். உண்டு எழுந்ததும் தமையன் தனியே அழைத்து, உம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பதை எடுத்துரைத்தார். பிள்ளை ஓடிச் சென்று தாயைக் கட்டிக்கொண்டான். பஞ்சத்தையும் பங்கீட்டையும் பற்றி அரசு வெளியிட்ட அறிக்கைகள் எத்தனையோ உள. அவற்றில் ஒரு தாயின் பங்கு எங்கே போயிற்று என்பதற்குக் கணக்கில்லை.

இனித் தந்தையாரின் வயதைப் பார்ப்போம். அவர் 1976இல், 102ஆம் வயதில் மறைந்ததாக மகன் எழுதுகிறார். அப்படியாயின் பிறப்பு 1874ஐ ஒட்டி. (ஹிஜ்ரீ ஆண்டாக எண்ணியிருப்பின் மூன்றாண்டு குறையும், நம் முதியோர் வயது சொல்கையில் இதை மறவாதிருத்தல் நலம்.) பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பெற்றது 1914 பிப்ரவரியில். அதற்குமுன் பெருநிலத்திலிருந்து தீவுக்கு வந்தோரெல்லாம் படகேறியே வந்தனர். படகுடையோர் கை ஓங்கியிருந்தது. இக்குடும்பமும் முன்னர் நிலமும் வாணிகமுமாக வளத்தோடு வாழ்ந்தது என்றும், பாலம் வந்தபின் தொழில் தளர்ந்து, கடைசியில் அப்பழைய வீடொன்றே எஞ்சியது என்றும் கூறுவர். பாலம் திறந்தபோது ஜைனுல் ஆபிதீன் அவர்கள் நாற்பதை ஒட்டிய வயதினர். மகன் பிறந்தபோது ஐம்பதைத் தாண்டியவர். அறுபதுகளின் பிற்பகுதியிலும் அவர் வைகறைத் தொழுகைக்குப் பின் நான்கு மைல் நடந்து தென்னந்தோப்புக்குச் சென்று, ஏறத்தாழப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளில் தூக்கித் திரும்பிய பின்னரே காலையுணவு கொண்டார் என்று மகன் சொல்கிறார். கணக்கிட்டால் அது 1940களின் முற்பகுதி. மகனுக்குப் பத்து வயதை ஒட்டிய காலம், நேரில் கண்டு மனத்தில் பதியும் பருவம். செய்தியும் காலமும் இசைகின்றன. பெரிய வீட்டில் வாழ்ந்தவர் ஏன் தேங்காய் சுமந்தார் என்ற வினாவுக்கும் பாலத்தின் ஆண்டு விடை தருகிறது.

மாலையில் தந்தை மகனைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்வார். தொழுது வெளிவருகையில் பல சமயத்தவரும் கிண்ணத்தில் தண்ணீருடன் காத்து நிற்பர்; அவர் ஓதிக் கொடுத்த நீரை நோயாளிகளுக்கு எடுத்துச் செல்வர். கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி இலட்சுமண சாஸ்திரியார் அவருடைய நெருங்கிய நண்பர். சீதாராம கல்யாணத் திருவிழாவின்போது, வீட்டருகே இருந்த இராம தீர்த்தத்தின் நடுவிடத்திற்குத் தெய்வ உருவங்களைக் கொண்டுசெல்ல, மேடை கட்டிய படகுகளை அமர்த்திக் கொடுத்தது இக்குடும்பமே. இதைச் சமய நல்லிணக்கத்திற்குச் சான்றாக மேடைகளில் எடுத்துக் கூறுவர், தகும். அதனோடு, ஊரில் படகுத்தொழில் யார் கையில் இருந்தது என்பதற்கும் அது சான்றன்றோ?

பிள்ளையின் நாளும் வைகறையிலேயே தொடங்கிற்று. நான்கு மணிக்கு எழுந்து குளித்துக் கணக்கு ஆசிரியரிடம் பாடம். திரும்பியதும் தந்தை காத்திருந்து அரபிப் பாடசாலைக்கு, குர்ஆன் ஓத அனுப்புவார். அதன்பின் பத்திரிகை வேலை. போர் காரணமாக இராமேசுவரத்தில் இரயில் நிற்பதை நிறுத்தியிருந்தனர். ஓடும் வண்டியிலிருந்து, இராமேசுவரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட பாதையில் பத்திரிகைக் கட்டுகளை வீசிச் செல்வர். ஊரில் பத்திரிகை விநியோகித்து வந்த உறவினர் சம்சுத்தீன், கட்டுகளைப் பொறுக்கிவரச் சிறுவனைச் சேர்த்துக்கொண்டார். அதுவே அவர் ஈட்டிய முதற் கூலி. அதற்குமுன், போர் தொடங்கிய காலத்தில், புளியங்கொட்டைக்குத் திடீரென விலை ஏறிற்று. சேர்த்து விற்றால் ஒரு நாளைக்கு ஓரணா கிடைக்கும். ஏன் ஏறிற்று என்பது சிறுவனுக்கு விளங்கவில்லை. நெசவாலைகளில் நூலுக்குக் கஞ்சியிடப் புளியங்கொட்டை மாவு போர்க்காலத்தில் மிகுதியாகத் தேவைப்பட்டது என்பதைப் பின்னாளில் தொழில் வரலாறு படிப்போர் அறிவர்.

காரணம் விளங்காமல் கண்டதை மட்டும் சொல்லும் சிறுவனின் சான்றுக்குத் தனி மதிப்புண்டு. ஹதீஸ் கலை வல்லார் இதனை நன்கறிந்திருந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாளியிலிருந்து நீரை வாயிலெடுத்துத் தம் முகத்தில் கொப்பளித்ததை, அப்போது ஐந்து வயதினரான மஹ்மூத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் வளர்ந்தபின் அறிவித்தார். இமாம் புகாரீ அதை ஏற்றுத் தம் நூலில் சேர்த்தார். சிறு வயதில் கண்டதைப் பெரியவராகிச் சொன்னால் ஏற்கலாம் என்பதற்கு அதுவே ஆதாரமாயிற்று.

ஆயினும் அக்கலையினர் இன்னொன்றும் கூறுவர். அறிவிப்பாளர் நேர்மையாளராய் இருத்தல் ஒன்று. நினைவு பிசகாதவராய் இருத்தல் வேறொன்று. பொய்யறியாத நல்லவரிடத்தும், இரு வேறு அறிவிப்புகள் ஒன்றாய்க் கலந்துவிடுதல் உண்டு. அதற்கு ‘முத்ரஜ்’ என்று பெயரிட்டு, கலந்தவற்றைப் பிரித்துக் காட்டவே ஹிஜ்ரீ 463இல் மறைந்த கதீப் பக்தாதீ ஒரு தனிநூல் இயற்றினார். பள்ளிவாசல் தெரு வீட்டின் நினைவுகளிலும் அத்தகைய ஓரிடம் இருக்கிறது.

கலாம் அவர்களுக்கு ஆறு வயதை ஒட்டிய காலத்தில் தந்தையார் ஒரு மரப்படகு கட்டத் தொடங்கினார். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகரை ஏற்றிச் சென்று மீட்டுவர வேண்டும் என்பது எண்ணம். அறுபது வயதைத் தொட்டவர், கடற்கரையில் உறவினர் அகமது ஜலாலுத்தீனுடன் சேர்ந்து கட்டினார். இந்த ஜலாலுத்தீனே பின்னர் மூத்த மகள் ஜொஹராவை மணந்தவர். படகின் மரத்தை விறகுத் தீயின் சூட்டில் பதப்படுத்திய காட்சியை மகன் மறக்கவில்லை. படகு நன்றாகவே ஓடிற்று. பிறகு ஒருநாள் பெரும்புயல் வந்து அதை அடித்துச் சென்றது; கரை நிலத்திலும் ஒரு பகுதி போயிற்று. இதைச் சொல்லும் அதே மூச்சில், பாம்பன் பாலம் பயணிகள் நிறைந்த இரயிலோடு இடிந்து விழுந்ததையும் நூல் சொல்கிறது.

பாலம் சிதைந்ததும் இரயில் அழிந்ததும் 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் நிகழ்ந்தவை. அன்று கலாம் அவர்களுக்கு வயது 33. தும்பாவில் முதல் ஏவூர்தி பறந்து ஓராண்டு கடந்திருந்தது. படகு போனதோ அவரது இளமையில். மேலும், அவ்விரவில் வண்டி பாலத்தின்மேல் இல்லை. பாம்பனிலிருந்து புறப்பட்ட அப்பயணி வண்டி தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய வேளையில் பேரலை அதனை மூழ்கடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தின் இரும்புச் சட்டங்கள் தனியே வீழ்ந்தன. பொறியாளர் ஸ்ரீதரன் அவர்கள் 46 நாள்களில் அதனைச் சீரமைத்துப் புகழ் பெற்றார். ஆக, தந்தையின் படகைக் கொண்டுபோன புயலும் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலும் ஒரே பத்தியில் ஒரே புயலாகிவிட்டன.

இதனால் அந்நினைவு முழுவதும் பயனற்றதாகிவிடுமா? ஆகாது என்பதே எம் கருத்து. முத்ரஜைக் கண்ட ஹதீஸ் அறிஞர் அறிவிப்பு முழுவதையும் எறிந்துவிடவில்லை. கலந்ததைப் பிரித்து, எது எவ்விடத்தது என்று எழுதினர். விறகுத் தீயும் மரத்தின் மணமும் கண்டவர் சொல். அவற்றை வேறெவரும் நமக்குத் தர இயலாது. பாலத்தின் ஆண்டும் இரயிலின் இடமும் இரயில்வேயின் ஏட்டிலும் செய்தித்தாளிலும் உள்ளவை; அவற்றை அங்கே பார்த்துக்கொள்ளலாம். உண்மையில், இக்கலப்பிலும் ஒரு செய்தி பொதிந்திருக்கிறது. தீவில் பிறந்தார்க்கு 1964க்குப் பின் புயல் என்றால் அந்த ஒரு புயல்தான். முன்னர் வந்தவையெல்லாம் அதனுள் சென்று அடங்கிவிட்டன. ஜைனுல் ஆபிதீன் அவர்கள் இரண்டையும் கண்டவர். இரண்டாவது வந்தபோது தொண்ணூறை எட்டியிருந்தார். அவர் ஏதும் எழுதி வைத்துப் போகவில்லை.

எம் பகுதியில், கரை கரைந்ததைக் கண்ட முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். யான் மாணவர்களிடம் சொல்வது இது: பாட்டியார் ‘பெரும்புயல்’ என்றால் எந்தப் புயல் என்று வாதிட வேண்டா, அப்போது வீட்டில் யார் குழந்தை, யாருக்கு நிக்காஹ் முடிந்திருந்தது, அரிசி என்ன விலை என்று கேளுங்கள். ஆண்டு தானே வெளிவரும். கேட்டதைக் கேட்டவாறே, சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதி வையுங்கள். பத்துப் பேரை அனுப்பினால் இருவர் எழுதிக்கொண்டு வருகின்றனர்.

பள்ளிவாசல் தெரு வீடு இன்று காட்சியகமாகவும் விளங்குகிறது. காண்போர் நாள்தோறும் வரிசையில் நிற்கின்றனர். 2015 ஜூலை 27இல் ஷில்லாங்கில் மறைந்த அன்னாரை இராமேசுவரம் பேய்க்கரும்பில் நல்லடக்கம் செய்தனர். பாம்பனில் பழைய பாலத்தின் அருகே எழுந்த புதிய இரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பெற்றது. அவ்வழியே வரும் வண்டி இராமேசுவரத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதை, சிறுவன் பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கிய பாதை, 1964க்குப் பின் மீண்டும் போடப்படவில்லை.