தேஜஸ் நெட்வொர்க்ஸ்: ஒரே பார்ட்டியை நம்பின கதை

கணபதியில பொறந்து வளந்தவங்களுக்கு லேத் சத்தம் தாலாட்டு மாதிரிங்க. எங்க மாமாவும் ரெண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்ணிட்டு இருந்தாரு. செஞ்சதெல்லாம் ஒரே ஒரு பெரிய கம்பெனிக்குத்தான் (பேரு வேண்டாமே). மாசம் பொறந்தா ஆர்டர், மாசக் கடைசியில செக்கு. "நமக்கென்னடா கவலை"ம்பாரு. ஒரு தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடி அந்த ஆர்டர் சொல்லாம கொள்ளாம நின்னு போச்சு. அடுத்த சித்திரைக்குள்ள ஒரு லேத்தை வித்துட்டாரு.

இந்தக் கதையை இப்ப ஏன் சொல்றேன்னா, சமீபத்துல பெங்களூரு தேஜஸ் நெட்வொர்க்ஸ் கம்பெனியைப் பத்திப் படிச்சுட்டு இருந்தப்ப மாமா ஞாபகம்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கும் நம்ம சத்தி ரோட்டுப் பட்டறைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

மொதல்ல, அவங்க என்ன செய்யறாங்க? நாம பேசற பேச்சும் அனுப்பற மெயிலும் ஊர் விட்டு ஊர் போறது கண்ணாடி இழை வழியா, வெளிச்சமா. அந்த இழையோட ரெண்டு முனையிலயும் ஒரு பெட்டி வேணும். மின்சாரத்தை வெளிச்சமாக்கி, ஆயிரக்கணக்கான பேச்சை ஒண்ணா அடுக்கி அனுப்பி, அந்தப் பக்கம் பிரிச்சுக் குடுக்கற பெட்டி. எஸ்.டி.எம்-1னு ஒரு அளவு இருக்கு, வினாடிக்கு 155 மெகாபிட். கேக்க சின்னதாத் தெரிஞ்சாலும் அதுல ஒரே நேரத்துல 1,890 போன் பேச்சு போகும். இந்த மாதிரிப் பெட்டிகளை நம்ம நாட்டுலயே டிசைன் பண்ணணும்னு ஆரம்பிச்சதுதான் தேஜஸ்.

வருஷம் 2000. பெங்களூருல எல்லாரும் வெளிநாட்டுக்காரனுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்துட்டு இருந்த காலம். சொல்லப் போனா அதுவும் ஜாப் ஒர்க்தான், ஏசி ரூம்ல. அந்த நேரத்துல சஞ்சய் நாயக், அர்னாப் ராய், குமார் சிவராஜன்னு மூணு பேர் சேந்து "நாம சொந்தமா ஒரு பொருள் செய்வோம்"னு கிளம்பினாங்க. குமார் சிவராஜன் சென்னை ஐ.ஐ.டி.யில படிச்சவர். ராஜீவ் ராமசாமியோட சேந்து அவர் எழுதின ஒளியிழை வலையமைப்புப் புத்தகம் உலகம் பூரா பாடப்புத்தகம். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில வாத்தியார் வேலை பாத்துட்டு இருந்தவர், தொழில்ல இறங்கினாரு. 2004ல பட்நாகர் விருதும் வாங்கினாரு.

பின்னாடி நின்னு பணம் போட்டவர் குருராஜ் தேஷ்பாண்டே. ஹூப்ளிக்காரர், இவரும் சென்னை ஐ.ஐ.டி.தான். அமெரிக்காவுல சைகமோர் நெட்வொர்க்ஸ்னு இதே மாதிரி பெட்டி செய்யற கம்பெனி வெச்சிருந்தாரு. 1999 அக்டோபர்ல அது பங்குச் சந்தைக்கு வந்தப்ப 38 டாலர் பங்கு, மொத நாள் சாயங்காலமே 184 டாலரைத் தாண்டிருச்சு! அடுத்த ஒண்ணரை வருஷத்துல டாட்காம் குமிழி உடைஞ்சு எல்லாம் தரைமட்டம். 2013ல அந்தக் கம்பெனியையே கலைச்சுட்டாங்க. ஆனா அவர் இந்தியாவுல நட்ட செடி பொழச்சுக்கிச்சு பாருங்க.

எப்படிப் பொழச்சுது? நம்ம ஊர் ஆளுங்களுக்கு ஈசியாப் புரியற மாதிரி சொல்றேன். பெரிய கம்பெனிங்க இந்தப் பெட்டிக்குன்னே தனியா சிப் அடிப்பாங்க. அது டை போடற மாதிரி. டை போட ஏகப்பட்ட செலவு, லட்சக்கணக்குல பீஸ் போனாத்தான் கட்டும், டிசைன் மாறுச்சுன்னா டையைத் தூக்கிக் குப்பையில போடணும். தேஜஸ்காரங்க பெரும்பாலும் எஃப்.பி.ஜி.ஏ.ங்கற சிப்பை வெச்சு வேலை செஞ்சாங்க. இது லேத்து மாதிரி. கடையில வாங்கி, நமக்கு வேணுங்கற மாதிரி புரோகிராம் போட்டுக்கலாம். பெட்டி வித்துப் போன பின்னாடியும் உள்ள மாத்தலாம். ஒரு பீஸுக்கு விலை ஜாஸ்திதான், ஆனா சின்ன ஆளுக்கு அதுதான் தாங்கும். பெட்டியைக் கோக்கற வேலையை வெளிய ஆள் வெச்சுப் பாத்துக்கிட்டாங்க, டிசைன் மட்டும் கைக்குள்ள.

அப்பத்தான் ஒரு பெரிய பார்ட்டி கெடைச்சுது. கனடாவோட நார்டெல். உலகத்துலயே பெரிய டெலிகாம் கம்பெனிகள்ல ஒண்ணு. தேஜஸ் பெட்டியை எடுத்து வெளிநாட்டுல வித்துக் குடுத்தாங்க. நல்லாப் போயிட்டு இருந்துச்சு. 2009 ஜனவரி 14. நார்டெல் திவால் மனு போட்டுருச்சு. அதோட ஒளியிழைப் பிரிவை சியனா வாங்கிக்கிச்சு. சியனாகிட்டதான் சொந்தப் பெட்டியே இருக்கே, தேஜஸ் எதுக்கு?

எங்க மாமாவோட தீபாவளி மாதிரியே இல்லீங்களா?

சரி, உள்நாட்டைப் பாப்போம்னு திரும்பினாங்க. 2012 பிப்ரவரியில 2ஜி வழக்குல சுப்ரீம் கோர்ட் 122 லைசென்ஸை ரத்து பண்ணுச்சு. போன் கம்பெனிங்க கையைக் கட்டிட்டு உக்காந்துட்டாங்க. இன்னொரு பக்கம் சீனக் கம்பெனிங்க, விலையில இவங்களால கிட்ட நெருங்க முடியல. கிராமப் பஞ்சாயத்துக்கெல்லாம் ஃபைபர் இழுக்கற பாரத்நெட் மாதிரி வேலைங்கதான் அப்ப கை குடுத்துச்சு. வெளிநாட்டுலயும் சின்னச் சின்ன நாடா தேடிப் போய் வித்தாங்க. 2017 ஜூன்ல பங்குச் சந்தைக்கு வந்தாங்க, பங்கு 257 ரூபா.

2020ல கல்வான் சண்டை. அந்த டிசம்பர்லயே, நம்பகமான கம்பெனிகிட்ட இருந்து மட்டும்தான் டெலிகாம் சாமான் வாங்கணும்னு அரசாங்கம் முடிவெடுத்துச்சு. அடுத்த வருஷம் ஜூலையில டாடா குழுமம் தேஜஸை வாங்க வந்துச்சு, பங்குக்கு 258 ரூபா. நாலு வருஷம் கழிச்சு ஒத்த ரூபா ஜாஸ்தி, ஹி ஹி.

அப்புறம் வந்துச்சு பாருங்க பெரிய ஆர்டர். பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி. 2023 ஆகஸ்டுல, ஒரு லட்சம் டவருக்கு ரேடியோ கருவி சப்ளை பண்ண டி.சி.எஸ். தேஜஸுக்குக் குடுத்த ஆர்டர் 7,492 கோடி ரூபா. மையக் கருவி சி-டாட் செஞ்சது, ரேடியோ தேஜஸ், எல்லாத்தையும் கோத்துக் குடுக்கறது டி.சி.எஸ். 2025 செப்டம்பர் 27ல பிரதமர் ஒடிசாவுல ஜார்சுகுடாவுல வெச்சு இதைத் தொடங்கி வெச்சாரு. முழுசா உள்நாட்டுல டிசைன் பண்ணின 4ஜி. சாதாரண விஷயமில்லீங்க. உலகத்துல இதைச் செய்யற நாடுகளை ஒரு கை விரல்லயே எண்ணிரலாம்.

கணக்கையும் பாருங்க. 2022-23ல தேஜஸோட வருமானம் சுமார் 920 கோடி. 2024-25ல சுமார் 8,900 கோடி. ரெண்டே வருஷத்துல ஒம்பது மடங்குக்கு மேல! ஆனா அந்த சப்ளை முடிஞ்சு அடுத்த ஆர்டர் தள்ளிப் போன உடனே, 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டுல வருமானம் வெறும் 200 கோடி சொச்சம், நஷ்டம் 194 கோடி. அரசாங்க விழா நடக்கறதுக்கு முன்னாடியே கம்பெனிக் கணக்குல சிவப்பு மை.

நார்டெல்லுக்குப் பதிலா பி.எஸ்.என்.எல். பதினாறு வருஷ இடைவெளி, அதே பள்ளம்.

இவங்களைக் குத்தம் சொல்லலீங்க. ஆர்டர் வந்தா எடுக்காம இருக்க முடியுமா? நம்ம பட்டறைக்காரங்க ஒருத்தராவது "எனக்கு இவ்வளவு வேலை வேண்டாம்"னு சொல்லுவாங்களா? ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. மாமாகிட்ட டிராயிங் இல்ல. டிராயிங் கம்பெனியோடது. ஆர்டர் போனா அவர்கிட்ட மிஞ்சினது இரும்பு மட்டும்தான். தேஜஸ்கிட்ட டிராயிங் அவங்களோடது. அதனாலதான் 2009ல விழுந்தவங்க எந்திரிச்சு வேற பார்ட்டி தேட முடிஞ்சுது. இந்த வாட்டியும் முடியும்னு நம்பறேன், கொஞ்சம் பயத்தோடதான்.

போன ஞாயித்துக்கிழமை மாமாவைப் பாக்கப் போனப்ப இதையெல்லாம் சொன்னேன். அவர் இன்னும் பழைய பி.எஸ்.என்.எல். நம்பர்தான் வெச்சிருக்காரு. போனைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "பரவால்ல கண்ணு, நம்மாளுங்க செஞ்சதா?"ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கேட்டாரு:

"அவங்களுக்கு வேற பார்ட்டி ஏதாச்சும் சிக்கியிருக்குதா?"