புளியந்தோப்பும் மொன்றியலும்: பொதுமொழி எதுவரை?

புளியந்தோப்பின் ஆட்டுத்தொட்டிப் பக்கம் ஒரு மாலை நடந்தால் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் காதில் விழும். பலமொழி மக்கள் கூடிவாழ ஒரு பொதுமொழி போதுமா என்ற கேள்விக்கு இப்பேட்டையின் வரலாறே ஒரு விடை வைத்திருக்கிறது.

1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளரை ஒன்றுதிரட்டியது. மூன்றே ஆண்டுகளில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. மோதியவர்களில் பெரும்பாலோர் ஒரே ஆலையில் உழைத்தவர்கள். ஒரே தமிழைப் பேசியவர்கள்.

இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து தொடங்கிய ஊர் ஒன்று வடக்கே உண்டு: கனடாவின் கியூபெக் மாநிலத்து மொன்றியல். அங்கே பெரும்பான்மையோரின் மொழி பிரெஞ்சு. ஆயினும் 1960களில் குடியேறிகள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கே மிகுதியும் அனுப்பினர். இதனால் 1968இல் சென் லெயோனார் என்னும் புறநகரில் பள்ளிமொழிப் பூசல் வெடித்தது. 1977இல் வந்த 101ஆம் சட்டம் குடியேறிகளின் பிள்ளைகளுள் பெரும்பாலோரைப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு மாற்றியது.

1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் ஈழத்தமிழர் அந்நகருக்கு வரத் தொடங்கினர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்களுள்ளும் சிலர் மொன்றியலுக்குப் போனார்கள். பெற்றோர் ஓரளவு ஆங்கிலம் அறிந்தவர்கள். பிள்ளைகளோ பள்ளியில் பிரெஞ்சும், வீட்டில் தமிழும், தெருவில் ஆங்கிலமும் கற்றார்கள். அரசு அலுவலகக் கடிதத்தைப் பெற்றோருக்குப் படித்துச் சொல்லும் பொறுப்பு பல வீடுகளில் பிள்ளையின் தோளில் ஏறியது. இத்தாலிய, கிரேக்க, ஹைத்தியக் குடும்பப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்த இவர்களை அங்கே '101ஆம் சட்டத்தின் பிள்ளைகள்' என்று அழைப்பார்கள்.

ஆனால் மொழியைக் கற்றதால் மட்டும் வாசல்கள் எல்லாம் திறந்துவிடவில்லை. வேலை தேடிப் பலர் டொராண்டோவுக்குப் பெயர்ந்தார்கள். 2019இன் 21ஆம் சட்டம் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சமயச் சின்னம் அணிவதைத் தடுத்தது. அதன் சுமை ஹிஜாப் அணியும் பெண்கள்மேலேயே அதிகம் விழுந்தது. அவர்களுள் சரளமாகப் பிரெஞ்சு பேசுவோரும் உண்டு. 2022இன் 96ஆம் சட்டமோ, குடியேறி ஆறு மாதம் கடந்தவர்களோடு, சில விலக்குகள் நீங்கலாக, அரசு பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ள வேண்டும் என்கிறது. அரைகுறைப் பிரெஞ்சோடு திணறும் ஒரு முதியவருக்கு ஆறு மாதம் எம்மாத்திரம்?

இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படுகிறது. புளியந்தோப்பில் மொழி பொதுவாக இருந்தது. சாதி அதைத் தோற்கடித்தது. மொன்றியலில் சட்டம் ஒரு பொதுமொழியை உண்டாக்கியது. வேறு வேலிகள் மிஞ்சி நின்றன. அண்டை வீட்டாரோடு பேச ஒரு மொழி வேண்டும்தான். அவருடைய கூரையில் தீப்பிடிக்கும்போது அணைக்க ஓடும் மனத்தை அந்த மொழி தானாகவே தந்துவிடுவதில்லை.

பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. எரிந்த குடிசைகளின் கதையைப் பேட்டையில் இன்று எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்?