சாலை விபத்து வீதமும் போக்குவரத்து அளவும்

ஒரு சாலையில் நடந்த விபத்துகளை, அதே காலத்தில் அதில் ஓடிய மொத்தப் போக்குவரத்தால் வகுத்தால் கிடைப்பது விபத்து வீதம். போக்குவரத்தை அளக்கும் அலகு வாகன-கிலோமீட்டர். ஒரு வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒன்று. விபத்துகளை மட்டும் எண்ணினால் வண்டி மிகுந்த சாலையே எப்போதும் முதலிடத்தில் நிற்கும். அதில் பயணம் செய்பவருக்கு ஆபத்து எவ்வளவு என்று அந்த எண்ணிக்கை சொல்லாது.

எடுத்துக்காட்டாக, 10 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நான்குவழிச் சாலையில் நாளொன்றுக்கு 20,000 வண்டிகள் ஓடினால் ஆண்டுக்கு 7.3 கோடி வாகன-கிலோமீட்டர் ஆகும். அங்கே 73 விபத்துகள் நடந்தால் வீதம் கோடிக்கு 10. அதே நீளமுள்ள மாவட்டச் சாலையில் 2,000 வண்டிகளே ஓடி, 15 விபத்துகள் நடந்தால் வீதம் 20-ஐத் தாண்டிவிடும். செய்தியில் அடிபடுவது முதல் சாலை. இருமடங்கு ஆபத்தானது இரண்டாவது.

வண்டிகளை எண்ணும் முறையை இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ளது: ஆண்டுக்கு இருமுறை, தொடர்ந்து ஏழு நாள், இரவு பகலாக எண்ண வேண்டும். அறுவடை முடிந்து விளைபொருள் சந்தைக்குப் போகும் பருவத்தில் ஒன்று, ஓட்டம் குறைந்த பருவத்தில் மற்றொன்று.

போக்குவரத்து இருமடங்கானால் விபத்தும் இருமடங்காகும் என்பதில்லை. 1949-இல் பிரிட்டனைச் சேர்ந்த ரூபன் ஸ்மீட், 20 நாடுகளின் 1938-ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு, மக்கள்தொகைக்கு ஏற்ப வண்டிகள் பெருகப் பெருக ஒரு வண்டிக்கான உயிரிழப்பு குறைகிறது என்று காட்டினார். ஒரே சாலையிலும் இந்தப் போக்கு தென்படும். நெரிசலில் வண்டிகள் ஊர்ந்து செல்வதால் மோதல் நடந்தாலும் பெரும்பாலும் பின்புறம் நசுங்குவதோடு போகும். வெறிச்சோடிய சாலையில் வேகம் கூடும்; தடம் மாறிக் கவிழும் வண்டிகளும், நின்றிருக்கும் லாரி மீது மோதும் வண்டிகளும் அங்கேதான் உயிர்களைப் பறிக்கின்றன. 2020-இல் பெருந்தொற்றின்போது அமெரிக்காவில் வண்டிகளின் மொத்த ஓட்டம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. உயிரிழப்போ சுமார் 7 விழுக்காடு கூடியது.

சாலையின் அமைப்பும் வீதத்தை மாற்றும். பிரிட்டனில் மொத்தப் போக்குவரத்தில் ஐந்தில் ஒரு பங்கை மோட்டார்வே சாலைகள் சுமக்கின்றன. உயிரிழப்பில் அவற்றின் பங்கு ஏறக்குறைய 6 விழுக்காடுதான். அங்கே எதிரெதிர்த் தடங்களுக்கு நடுவே தடுப்பு உண்டு, குறுக்குச் சாலைகள் இல்லை, நடந்து செல்லவும் சைக்கிள் ஓட்டவும் அனுமதி இல்லை. இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர், அவர்களில் 36.2 விழுக்காட்டினர் தேசிய நெடுஞ்சாலைகளில். மொத்தச் சாலை நீளத்தில் இவை 2 விழுக்காடே என்பதால் இந்தக் கணக்கு அதிர்ச்சி தருகிறது. ஆனால் நாட்டின் போக்குவரத்தில் சுமார் 40 விழுக்காட்டை இவையே தாங்குகின்றன என்பது அரசு ஆவணங்கள் நெடுங்காலமாகத் தரும் தோராயம். அதை ஏற்றால், ஓடும் கிலோமீட்டருக்குக் கணக்கிடும்போது மற்ற சாலைகள் இவற்றைவிடப் பாதுகாப்பானவை அல்ல. நீளத்தால் வகுப்பதா, ஓட்டத்தால் வகுப்பதா என்பதைப் பொறுத்து முடிவே தலைகீழாகிறது.

வாகன-கிலோமீட்டருக்கும் ஒரு பெருங்குறை உண்டு. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதசாரி. அவருடைய சாவு கணக்கில் சேரும்; அவர் நடந்த தூரம் சேராது. நெடுஞ்சாலை பிரித்துப்போட்ட ஊரில், பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் சாலையைக் கடந்தே ஆக வேண்டியவர்களின் ஆபத்தை எந்த வீதமும் சரியாகக் காட்டுவதில்லை. புறவழிச்சாலைத் திட்டங்களைப் பேசும்போது முதலில் எண்ணப்பட வேண்டியவர்கள் இவர்களே.

மாநிலங்களை ஒப்பிடும்போது பதிவு முறையையும் பார்க்க வேண்டும். 2022-இல் தமிழ்நாட்டில் பதிவான விபத்துகள் 64,105, இறந்தவர்கள் 17,884. உத்தரப் பிரதேசத்தில் விபத்துகள் 41,746, இறந்தவர்கள் 22,595. சிறு காயங்கள் காவல் நிலையத்தில் எந்த அளவுக்குப் பதிவாகின்றன என்பது இடத்துக்கு இடம் வேறுபடுவதால், உயிரிழப்பை வைத்து ஒப்பிடுவதே நம்பத்தக்கது.

தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளில் 5 கடும் விபத்துகளோ 10 உயிரிழப்புகளோ நேர்ந்தால் அந்த இடம் கரும்புள்ளி எனப்படும். இந்த வரையறையில் போக்குவரத்து அளவு இடம்பெறவில்லை. 2010-இல் அமெரிக்காவில் வெளிவந்த நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கையேடு வேறு வழியைக் கொண்டது: இந்த வகைச் சாலையில், இவ்வளவு வண்டிகள் ஓடினால் எத்தனை விபத்துகளை எதிர்பார்க்கலாம் என்று முதலில் மதிப்பிட்டு, அதற்கு மேல் விபத்து நடக்கும் இடங்களைத் தேடுகிறது. அப்படித் தேடினால், வண்டி குறைந்த ஒரு கிராமச் சந்திப்பும் பத்து உயிர் போகும் முன்பே பட்டியலில் ஏற முடியும்.